இருபத்துநான்கு படங்களும் ஒரு மூச்சும்

சென்னையிலிருந்து வந்த மின்னஞ்சலை இரண்டு முறை படித்துவிட்டு, அச்செடுத்து, அன்றைய டைரிப் பக்கத்தில் ஒட்டினேன். மொத்தம் நான்கு வரி. எல்லாம் சரியாக வேலை செய்கிறது. படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் சண்டை நடப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஐந்து வாரத்துக்குள் திருத்தி அனுப்பினால் மறுபடி பார்க்கிறோம்.

என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, என்னோடு வேலை செய்பவரும் அதைப் படித்தார். மேஜைக் காலண்டரை எடுத்து விரலால் எண்ணினார்.

“விசாவுக்கு ஆறு வாரம் இருக்குக்கா. ஒரு வாரம் மிச்சம்,” என்றார்.

அது 2005. ராமநாதபுரத்தில் பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் அதே அறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. 1974-ல், ஏழாம் வகுப்பில் படிக்கும்போது டைரி எழுத ஆரம்பித்தேன். பெரும்பாலும் நேரமும் அளவும்தான் அதில் இருக்கும். எத்தனை மணிக்கு மழை பிடித்தது, எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள், எந்த மெஷினில் எந்த எழுத்து மங்குகிறது. ஆச்சரியம் என்ற சொல்லை அதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் சொல்லப்போகும் வாரங்களில் மட்டும் அது அடுத்தடுத்து வருகிறது.

காலண்டரை எண்ணியவர் கீழக்கரைக்காரர், முப்பத்திரண்டு வயது. என்னை அக்கா என்பார். நான் தம்பி என்பேன்; இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஒன்பது வருடம் துபாயில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருந்தவர். அங்கேயே புத்தகம் வாங்கிப் படித்து, வீடியோ கேம் செய்யத் தானாகக் கற்றுக்கொண்டார். நான்கு வயதில் ஒரு மகள். இந்த முறை வருவதற்கு முன் அவர் மகளோடு இருந்தது மொத்தம் ஐந்து மாதம். அப்பா மட்டுமல்ல, பெரியப்பா, சித்தப்பா எல்லோருமே வீட்டில் வாப்பாதான்; அவர்களிலிருந்து பிரித்துச் சொல்ல அந்தக் குழந்தை அவரை ‘போன் வாப்பா’ என்று அழைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் துபாய் விசா செத்துவிடும். அதற்குள் சென்னை கேம் கம்பெனி நாங்கள் செய்து அனுப்பிய சண்டையை ஏற்றுக்கொண்டால் அவர் ஊரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் போக வேண்டும்.

கம்பெனி கேட்டது ஒரே ஒரு சண்டை. எங்கள் விளையாட்டில், ஆடுபவர் பழைய காலத்துச் சங்குப் படகு ஒன்றின் காவல்காரராகவே வாழ வேண்டும். ஊர் ஊராகப் போகலாம், ஆட்களோடு பேசலாம், பேரம் பேசலாம், சண்டை வந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் ஒரு சண்டையை மாதிரிக்குச் செய்து காட்டச் சொன்னார்கள். கடற்கரை மணல், கையில் கம்போடு நம் ஆள், எதிரே அரிவாளோடு ஒரு கொள்ளைக்காரன். அது பிடித்திருந்தால் முழு விளையாட்டையும் எங்களிடம் கொடுப்பார்கள்.

படமும் புரோகிராமும் தம்பியின் வேலை. அட்டவணை என் வேலை. என் மாணவர்களின் டைப்பிங் வேகத்தை வாரவாரியாக நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்கு முப்பது படம் காட்டும். கம்பை ஓங்க எத்தனை படம், வீச எத்தனை, அடித்தபின் நிமிர எத்தனை, அடிபட்டவன் தள்ளாட எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும். என் அட்டவணை சுத்தமாக இருந்தது. எந்த அடியைக் கூட்டிப் பார்த்தாலும் இருபத்துநான்கு படம். கூடாது, குறையாது. அதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

மின்னஞ்சல் வந்த முதல் வாரம் தம்பி என்னென்னவோ செய்து பார்த்தார். ரத்தம் சேர்த்தார், எடுத்தார். அடியின் பலத்தைக் காட்ட அடிபட்டவன் தலைக்கு மேல் பறக்கும் எண்களைப் பெரிதாக்கினார். சத்தத்துக்காக ஒரு தேங்காயைச் சுவரில் அடித்துப் பதிவு செய்தார். கீழ்க் கடைக்காரர் மேலே வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். ஒன்றிலும் உயிர் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

“அடி பட்ட எடத்துல ரெண்டு பேரையும் மூணு படம் அப்படியே நிக்க வச்சிருக்கேன்க்கா. அடிச்சுப் பாருங்க.”

அடித்தேன். கம்பு கொள்ளைக்காரனின் தோளில் பட்டது. எல்லாம் நின்றது. பிறகு அவன் சரிந்தான். நின்ற நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில் கம்புக்கு எடை வந்துவிட்டது. என் உள்ளங்கையில் அந்தக் கனம் உறைத்தது. விரலை எடுத்துக் கையைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று படத்தை நீக்கச் சொல்லி ஒருமுறை, சேர்க்கச் சொல்லி ஒருமுறை என்று பத்துத் தடவை அடித்துப் பார்த்தேன். நீக்கினால் வெறும் பொம்மைக் குச்சி. சேர்த்தால் மூங்கில். ஒன்றுமே நடக்காத ஒரு சிறு துண்டு நேரம் இதைச் செய்கிறது என்பதை அன்று சாப்பிடும்போதுகூட என்னால் நம்ப முடியவில்லை.

ஆனால் ஐந்து நிமிடம் தொடர்ந்து ஆடினால் மறுபடி சலித்தது. ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் தம்பியின் அக்காள் கணவர் சென்டருக்கு வந்தார். கீழக்கரையில் சங்கு குளிக்கும் தொழில் அவருக்கு. மூச்சைப் பிடித்துக் கடலடிக்குப் போய்ச் சங்கு எடுத்து வருபவர். நெஞ்சு அகலம், கண்கள் உப்புநீரில் சிவந்து கிடக்கும். வீட்டுச் செய்தி ஒன்று சொல்ல வந்தவர் நின்றபடியே சண்டையைப் பார்த்தார்.

“யாரு மாப்ள இவனுக?”

“கேம் மச்சான். இவன் காவக்காரன், அவன் கொள்ளைக்காரன்.”

“அது சரி. ரெண்டு பேரும் மூச்சே விட மாட்டாய்ங்களா?”

“பொம்ம மச்சான் அது.”

“பொம்மன்னா? நானும் வந்ததுலருந்து பாக்குறேன். அடிக்கிறான், வாங்குறான், திருப்பி அடிக்கிறான். ஒருத்தனுக்கும் இளைக்கல. இம்புட்டு தெம்புள்ளவன் கொள்ளையடிக்கவா வருவான்? கப்பல்ல மூட்ட தூக்குனா மாசச் சம்பளம் கெடைக்குமே.”

தம்பி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அட்டவணையில் மூச்சுக்கென்று ஒரு கட்டமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

“வாச்ச கட்டிக்கிட்டா டீச்சர் குளிக்கிறோம்? பாக்கணும்னா படகுக்கு வாங்க. உங்க பரீட்ச வாச்சையும் எடுத்துட்டு வாங்க.”

“பெண்கள் ஏறலாமா?”

“பொம்பளைக ஏறுனா சங்கு கெடைக்காதும்பாய்ங்க.”

“கிடைக்கலைன்னா?”

“டீச்சர் பேரச் சொல்லித் திட்டிக்கிருவோம். அவ்வளவுதான.”

மறுவாரம் கீழக்கரையிலிருந்து விடியும்போது புறப்பட்டோம். தம்பி, நான், சங்குக்காரரோடு தொழிலுக்குப் போகும் நான்கு பேர். கடல் குளத்து நீர் போலக் கிடந்தது. தீவு ஒன்று தெற்கே கோடாகத் தெரிந்த இடத்தில் இன்ஜினை நிறுத்தினார்கள். ஆழம் ஏழு பாகம் என்றார்கள். இரண்டு கைகளையும் அகல விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். சங்குக்காரர் நீந்துவதற்குத் துடுப்பு போலக் காலில் அலுமினியத் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைச் சுற்றிக்கொண்டார். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொன்னார். நான் எதிர்பார்த்த மாதிரி பெரிதாக மூச்சை இழுக்கவில்லை. சாதாரணமாக இரண்டு மூச்சு, மூன்றாவதைக் கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவுதான். இறங்கிவிட்டார். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.

முதல் முறை 62 விநாடி. அடுத்தது 70. மூன்றாவது 38. நான்காவதில் 60 ஆயிற்று, 70 ஆயிற்று. தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. என்னை அறியாமல் நானும் மூச்சைப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. நெஞ்சு முட்டி விட்டுவிட்டேன். மறுபடி பிடித்து மறுபடி விட்டேன். அவர் இன்னும் கீழே இருந்தார். வள்ளத்தில் இருந்தவர்கள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். 81-ல் தலை வெளியே வந்தது. வள்ளத்தின் விளிம்பில் இரண்டு கைகளையும் போட்டுத் தொங்கினார். பல்லிடுக்கில் விசில் போல ஒரு நீளமான சத்தம். பேச்சு வரவில்லை. அந்த வெற்றுக் கடலின் அடியில் ஒரு மனிதர் அத்தனை நேரம் தன் சொந்த நெஞ்சில் இருந்ததைக் கொண்டு மட்டும் இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்பதைப் பார்த்தபடியே நின்றேன். கையில் வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்திருந்தேன்.

பேச முடிந்தபின், மூன்றாவது முறை ஏன் முப்பத்தெட்டு என்று கேட்டேன்.

“அங்கன வெறும் மணல் டீச்சர். எதுக்கு மூச்ச செலவு பண்ணணும்?”

“இப்போது எண்பத்தொன்று?”

“மூணு சங்கு ஒண்ணாக் கெடந்துச்சு. மூணாவதுக்குக் கைய நீட்டுறப்ப நெஞ்சு இடிக்க ஆரம்பிச்சிருச்சு. ஆனா கண்ணுக்கு முன்னாடி கெடக்கே, விட்டுட்டு வர மனசு வருமா?”

“மேலே வந்ததும்?”

“மேல வந்ததும் நான் ஒண்ணுமில்ல. இப்ப ஒரு பூனைக்குட்டி வந்து தள்ளுனாக்கூட விழுந்துருவேன்.”

தம்பி என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தேன். 62, 70, 38, 81. அதற்கு முந்தின பக்கத்தில் என் அட்டவணை: 24, 24, 24, 24.

பதினாறு ஆண்டுகள் நான் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. எல்லா விரலும் ஒரே அழுத்தம், ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் ஒரே இடைவெளி. காதால் கேட்டே யார் சரியாக அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சீரைத்தான் இரண்டு எதிரிகளின் கையிலும் கொடுத்திருந்தேன். கொள்ளைக்காரனும் காவல்காரனும் மணலில் நின்று டைப்பிங் ஹையர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். இதைத் தம்பியிடம் சொன்னபோது வள்ளமே ஆடும்படி சிரித்தார். “விடுங்கக்கா, ரெண்டு பேரும் பாஸ்,” என்றார்.

திரும்பி வந்த அன்றே அட்டவணையைக் கிழித்தேன். புதிய விதி இது. ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் நம் ஆள் மூச்சைப் பிடிப்பான். பிடித்திருக்கும்வரை அவன் அடி பலமாக விழும். எதிரியின் கை மேலே போவது தெளிவாகத் தெரியும். கடல் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். விட்டால் இளைப்பான். எவ்வளவு நேரம் பிடித்தானோ அதற்கேற்ற இளைப்பு. அப்போது லேசான அடிகூட அவனைச் சாய்த்துவிடும். எதிரிக்கும் அதே விதி. அவன் மூச்சு விடும் நேரம்தான் உன் நேரம். மூச்சு எவ்வளவு மீதம் என்று காட்டும் பட்டை எதுவும் திரையில் கூடாது என்றார் தம்பி. “கடலுக்குள்ள மச்சானுக்கு யாரு பட்ட காட்டுனா?” என்று கேட்டார். தோளையும் நெஞ்சையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பேஸ் பாரில் பெருவிரல் தொட்டுவிட்டு உடனே எழ வேண்டும். அழுத்திப் பிடித்திருப்பவர்களைக் கண்டித்தே காலம் கழித்தவள் நான். அந்த வாரம் முழுக்க நானே உட்கார்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அட்டவணையில் 19, 31, 8, 44 என்று எழுதும்போது முதலில் கை கூசியது. பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காரணம் இருந்தது. முதல் அடி ஆத்திரத்தில் விழுவதால் 19. தவறிய அடிக்குப் பின் தடுமாற்றம் 31. பயந்து பின்வாங்குவது 8. மூச்சை முழுதாகப் பிடித்து விட்டபின் இளைப்பு 44.

நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து, சங்குக்காரர் சென்டருக்கு வந்தார். அவர் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

“எந்தக் கட்டைய அழுத்தணும்?”

“நீளமா இருக்குல்ல மச்சான், அது. அழுத்திப் பிடிச்சா மூச்சப் பிடிப்பான். இந்தக் கட்ட அடிக்கிறதுக்கு.”

முதல் ஆட்டத்தில் அவர் ஸ்பேஸ் பாரைப் பிடித்தார், பிடித்தார், பிடித்துக்கொண்டே இருந்தார். இருபது விநாடியில் காவல்காரன் முழங்காலில் விழுந்தான். கொள்ளைக்காரன் நிதானமாக வந்து முடித்துவிட்டான்.

“என்ன மாப்ள, இம்புட்டுத்தானா? டி.பி. நோயாளியவா காவலுக்கு வச்சிருக்க?”

“எல்லாரும் உங்கள மாதிரி இருப்பாய்ங்களா மச்சான்? இது சாதாரண ஆளு.”

“சாதாரண ஆளு எதுக்குச் சங்குப் படகுல ஏறுறான்?”

இரண்டாம் ஆட்டத்திலும் தோற்றார். மூன்றாவதில் பேச்சு நின்றுவிட்டது. கொள்ளைக்காரனின் அரிவாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் தோளைப் பார்க்க ஆரம்பித்தார். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அவருக்குப் பக்கவாட்டில் நின்றேன். திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான்கள் அசையவில்லை. நெஞ்சு அசையவில்லை. பெருவிரல் ஸ்பேஸ் பாரில் இருந்தது. கடல் சத்தம் மங்கிக்கொண்டே வந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் அறையில். கொள்ளைக்காரனின் தோள் இறங்கியது. அவர் அடித்தார். மூன்று படம் எல்லாம் நின்றது. கொள்ளைக்காரன் சரிந்தான்.

அவர் பெருவிரல் எழுந்தது. கூடவே பல்லிடுக்கில் அந்த நீளமான சத்தம் வந்தது. வள்ளத்தின் விளிம்பில் தொங்கியபோது வந்த அதே சத்தம்.

தம்பிக்கும் அது கேட்டது. இருவரும் அவரையே பார்த்தோம்.

“என்ன, ரெண்டு பேரும் பாக்குறீக?”

“மச்சான், நீங்க மூச்சப் பிடிச்சிருந்தீங்க.”

“நானா? எதுக்கு? நான் நாற்காலியிலல்ல உக்காந்திருக்கேன்.”

சொல்லிவிட்டுக் கையை நெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்தே இருந்தார்.

“ஆமா மாப்ள,” என்றார் மெதுவாக. “இடிக்குது.”

திரையில் காவல்காரன் கம்பை ஊன்றி, தோள் ஏறி இறங்க நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே அளவில் இளைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ரத்தமும் சதையும். இன்னொருவர் நானும் தம்பியும் எண்ணி எண்ணி வைத்த நாற்பத்துநான்கு படம். யார் யாரிடமிருந்து மூச்சை வாங்கியது என்று அந்த நிமிடம் பிரிக்க முடியவில்லை. மாஷா அல்லாஹ் என்றார் தம்பி. அன்றைய டைரியில் நேரம் இருக்கிறது, இரண்டு நாற்பது. அதற்குக் கீழே பக்கம் காலியாக இருக்கிறது.

ஐந்தாம் வாரம் முடிய ஒருநாள் இருக்கும்போது அனுப்பினோம். பதில் வரவில்லை. ஆறாம் வாரம் திங்கள், செவ்வாய் கழிந்தது. தம்பிக்கு வியாழக்கிழமை பகலில் சென்னையிலிருந்து விமானம். புதன் மாலை ஊரிலிருந்து பஸ். பெட்டி கட்டியாகிவிட்டது என்றார். மகள் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறாள் என்றும் சொன்னார்.

புதன் பகல் பன்னிரண்டு ஐந்துக்குப் பதில் வந்தது. இங்கே ஆடிப் பார்த்த இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. தாங்கள் மூச்சைப் பிடித்திருந்தது அவர்களுக்கே தெரியவில்லை. வேண்டாதவர்கள் குறைத்துக்கொள்ள ஒரு வசதி வையுங்கள். மற்றபடி முழு விளையாட்டையும் நீங்களே செய்யலாம். ஒப்பந்தம் பின்னால் வரும்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் வரும் என்ற இடத்தில் என் விரல் நின்றது. எனக்குச் சொல்லத் தோன்றியதைச் சொன்னேன்.

“கையெழுத்து இல்லாத காகிதம் தம்பி. விசா கையில் இருக்கிறது. விட்டால் திரும்ப வராது. யோசித்துச் செய்யுங்கள்.”

“மெட்ராஸ்ல ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்கவன் மூச்ச மறந்திருக்கான்க்கா. இதுக்கு மேல என்ன கையெழுத்து?”

“அவர்களுக்கு மனம் மாறினால்?”

“மாறட்டும். இன்னொருத்தன் மூச்சப் பிடிக்காமயா போயிருவான்?”

கீழே இறங்கி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டில் மனைவிக்குப் போன் போட்டார். நான் படியில் நின்றேன். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. “இல்ல. போகல… ஆமா, போகலதான் சொல்றேன்… டிக்கெட்டு போனாப் போகுது… பெட்டியப் பிரி. ஆமா, இப்பவே பிரி.”

ஒப்பந்தம் மூன்று வாரம் கழித்து வந்தது. விளையாட்டை முடிக்க மூன்று வருடம் ஆனது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மறுநாள் வியாழக்கிழமை அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. காலை ஒன்பதுக்கு வழக்கம்போல் வந்தார். இரண்டாவது எதிரியை ஆரம்பித்தோம். ஈட்டிக்காரன். ஈட்டி கனம், அதனால் இளைப்பு ஐம்பத்திரண்டு படமாவது வேண்டும் என்றார் அவர். நாற்பத்தாறுக்கு மேல் போனால் ஆடுபவர் கொட்டாவி விடுவார் என்றேன் நான். ஸ்டூலை எடுத்துத் தலைக்கு மேல் ஓங்கிக் காட்டி, இளைத்துக் காட்டி, என்னை எண்ணச் சொன்னார். நானும் எண்ணினேன். சாப்பாட்டு நேரம்வரை அந்தச் சண்டை முடியவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் கேட்டார்.

“மணி என்னக்கா?”

“ஒன்றே முக்கால்.”

“அப்ப ப்ளேன் மேல ஏறிருக்கும்,” என்றார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஸ்டூலைத் தூக்கினார். “இப்ப எண்ணுங்க. இந்தத் தடவ நெசமா இளைக்குறேன்.”